வளை யாருக்குச் சொந்தம்?

உளுவையும் சொடுக்கு இறாலும் கூடி வாழ்வது ஏன் என்ற கேள்விக்கு இதுவரை வந்த விடைகள்

உளுவை தமிழ்நாட்டின் ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் பழகிய மீன். வேலூரில் பாலாற்றங்கரையில் இருக்கும் சத்துவாச்சாரியிலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆனாலும் உளுவை என்ற பெயருக்கு அங்கே விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அந்த நன்னீர் உளுவை சுமார் 2,000 இனங்கள் கொண்ட பெருங்குடும்பத்தில் ஒன்று. அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை கடலில் வாழ்பவை. அவற்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள், பவளப்பாறையை ஒட்டிய மணலில் வேறோர் உயிர் தோண்டிய வளைக்குள் குடியிருக்கின்றன.

தோண்டுவது ஓர் இறால். விரல் நீளம்கூட இருக்காது. இரண்டு முன்கொடுக்குகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மண்வெட்டியால் தள்ளுவதுபோல் மணலையும் பவளத் துண்டுகளையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். வளைவாயில் உளுவை அசையாமல் நின்று சுற்றுமுற்றும் பார்க்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் அதன் நீண்ட மீசைகளில் ஒன்று மீனின் உடலிலோ வாலிலோ பட்டபடி இருக்கும். பெரிய மீன் ஒன்று நெருங்கினால் உளுவையின் வால் படபடக்கும். இறால் உடனே உள்ளே போய்விடும். ஆபத்து மிக அருகில் வந்துவிட்டால் உளுவையே தலைகீழாக வளைக்குள் பாயும். இரவில் இரண்டும் உள்ளே இருக்க, வாயில் மணலால் மூடிக்கிடக்கும். காலையில் மறுபடியும் அதே வேலை.

மீன் காவல் காக்கிறது, இறால் வீடு கட்டித் தருகிறது என்று இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். பாடநூல்களும் அப்படித்தான் சொல்கின்றன. அந்த ஒரு வரிக்குள் குறைந்தது நான்கு கேள்விகள் மறைந்திருக்கின்றன. வாலசைவு இறாலுக்காகவே கொடுக்கப்படும் செய்தியா, மீனின் பயத்தை இறால் படித்துக்கொள்கிறதா? இறாலுக்கு உண்மையில் கண் தெரியாதா? பாதுகாப்பைத் தவிர வேறு கொடுக்கல் வாங்கல் உண்டா? எந்த மீன் எந்த இறாலோடு சேர்வது என்று முடிவுசெய்வது எது? இவற்றுக்குக் கடந்த எழுபது ஆண்டுகளில் வந்த விடைகள் ஒன்றோடொன்று முழுவதும் பொருந்தவில்லை.

காவல்காரன் கதையின் வயது

ஓர் உயிர் இன்னோர் உயிருக்குக் காவல் இருக்கிறது என்ற எண்ணம் உளுவையை விட்டு வெகுதூரத்தில் தொடங்கியது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், பின்னா என்னும் பெரிய சிப்பிக்குள் வாழும் சிறு நண்டை அல்லது இறாலைப் பற்றி எழுதியிருக்கிறார். அதைச் சிப்பியின் காவலன் என்றார். காவலனை இழந்த சிப்பி விரைவில் அழிந்துவிடும் என்றும் சொன்னார். பின்னால் வந்த ரோமானிய எழுத்தாளர்கள் கதையை இன்னும் வளர்த்தார்கள். இரை உள்ளே வந்ததும் காவலன் மெல்லக் கடித்துச் சிப்பிக்குச் சைகை காட்டும், சிப்பி மூடிக்கொள்ளும், பிடிபட்டதை இருவரும் பகிர்ந்துகொள்வார்கள் என்பது அவர்கள் கூற்று. இன்றைய உயிரியல் அந்தச் சிறு நண்டைச் சிப்பியின் உணவில் பங்கு பறிக்கும் ஒட்டுண்ணி என்றே பெரும்பாலும் கருதுகிறது.

இந்தப் பழைய கதையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. காவல், கூலி, ஒப்பந்தம் ஆகியவை மனிதர் தம் வாழ்விலிருந்து எடுத்துக் கடலுக்குள் வைத்துப் பார்க்கும் சொற்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவை ஒருமுறை தவறிப்போயிருக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் கலைச்சொற்கள் வரையறுக்கப்பட்டன. பெல்ஜிய விலங்கியலாளர் வான் பெனெடன் 1875இல் வெளியான தம் நூலில், ஒட்டுண்ணிகளையும் உடனுண்ணிகளையும் ஒன்றுக்கொன்று உதவும் உயிர்களையும் வெவ்வேறாகப் பிரித்தார். 1879இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் டி பாரி, இருவேறு உயிர்கள் சேர்ந்து வாழ்வதற்குப் பொதுப்பெயராகக் கூட்டுவாழ்வு என்ற கருத்தை நிலைநிறுத்தினார். அதில் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்ற தீர்ப்பு கிடையாது. இந்த எச்சரிக்கை பின்னர் மறக்கப்பட்டது. கூட்டுவாழ்வு என்றாலே பரஸ்பர நன்மை என்று பழகிப்போயிற்று.

இரண்டு புட்டிகள்

உளுவையும் இறாலும் சேர்ந்து வாழ்வதைக் கடலோர அறிவியல் இவ்வளவு தாமதமாகக் கவனித்ததற்கு ஓர் எளிய காரணம் சொல்லலாம். மாதிரிகள் தனித்தனிப் புட்டிகளில் போடப்பட்டன.

தென்னிந்தியக் கடலே இதற்குத் தக்க சான்று. சொடுக்கு இறால்களின் பேரினமான ஆல்ஃபியஸுக்கு டேனிய அறிஞர் ஃபாப்ரீசியஸ் 1798இல் வெளியான தம் நூலில் பெயர் வைத்தார். அதே நூலில் ஆல்ஃபியஸ் ராபாக்ஸ் என்ற இனமும் இடம்பெற்றது. ஃபாப்ரீசியஸுக்கு இந்தியாவிலிருந்து உயிர்மாதிரிகள் அனுப்பியவர்களுள் ஒருவர் டால்டார்ஃப். தரங்கம்பாடியில் டேனியக் கம்பெனிப் பணியில் இருந்தவர்.  சென்னையில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியான தம் இந்திய மீன்கள் நூலில் உளுவைகளைப் பக்கம் பக்கமாக விவரித்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் ஹெண்டர்சன், எட்கர் தர்ஸ்டன் இராமேஸ்வரம் பகுதியில் சேகரித்தவற்றையும் சேர்த்து 1893இல் இந்திய ஓட்டுடலிகள் பற்றிய பெரிய கட்டுரையை வெளியிட்டார். விலங்கியலாளர் ஹெர்ட்மன் இலங்கை முத்துப்படுகைகளில் திரட்டிய இறால் வகைகளை ஜோசப் பியர்சன் 1905இல் பட்டியலிட்டார். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவு உயிர்களைப் பற்றிய தொகுப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் கொண்டுவந்தது.

பெரும் உழைப்பு இது. இன்றும் இந்தப் பட்டியல்கள் இல்லாமல் அடுத்த அடி வைக்க முடியாது. ஆனால் வலையிலும் வாளியிலும் வந்து சேர்ந்த மீன் மீனறிஞரிடம் போனது. இறால் இறால் அறிஞரிடம் போனது. ஒன்றின் மீசை மற்றொன்றின் வாலில் பட்டிருந்ததைச் சாராயத்தில் ஊறிய உடல்கள் சொல்லாது.

அதைப் பார்க்கக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நீருக்குள் மணிக்கணக்கில் கிடக்க வேண்டியிருந்தது. கூஸ்தோவும் காஞனும் 1943இல் உருவாக்கிய மூச்சுக்கருவி அதற்கு வழி திறந்தது. செங்கடலில் உளுவைக்கும் ஆல்ஃபியஸ் ஜிபூட்டென்சிஸ் இறாலுக்கும் உள்ள உறவை விரிவாக எழுதிய முன்னோடிகளில் ஒருவர் லூத்தர், ஆண்டு 1958. அதே செங்கடலில் மாக்னஸ் 1967இல் தொடர்ந்தார். எழுபதுகளில் இஸ்ரேலின் எய்லாத் கரையில் கார்ப்லஸும் உடன்பணியாற்றியவர்களும், ஜப்பானில் யானகிசாவாவும், சேஷல்ஸ் தீவுகளில் போலுனினும் லப்பக்கும், ஹவாயில் பிரெஸ்டனும் வேலை செய்தார்கள். ஹவாயில் பிரெஸ்டன் 1978இல் செய்தி பரிமாற்றத்தை ஆராய்ந்த இறால், ஃபாப்ரீசியஸ் பெயரிட்ட ராபாக்ஸ் என்று அடையாளம் காணப்பட்டதுதான். பெயர் கிடைத்து 180 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வால் பேசுகிறதா?

முதல் பெரிய விவாதம் வாலசைவைப் பற்றியது. ஒரு தரப்பின் விளக்கம் இது: உளுவை இறாலுக்கென்றே எச்சரிக்கை கொடுக்கிறது; அது பரிணாமத்தில் செதுக்கப்பட்ட சைகை. கார்ப்லஸ் 1979இல் வெளியிட்ட ஆய்வு, செங்கடலின் ஓர் உளுவைக்கும் ஆல்ஃபியஸ் பர்பியூரிலென்டிகுலாரிஸ் இறாலுக்கும் இடையே நடக்கும் தொடுகைப் பேச்சைத் துல்லியமாகப் பதிவு செய்தது. பிரெஸ்டனும் எந்த அசைவுக்குப் பின் எந்த அசைவு வருகிறது என்று எண்ணிக் கணக்கிட்டார். இரண்டு படிகள் தெரிந்தன. வால் படபடத்தால் இறால் பின்வாங்கும், உளுவை வெளியேயே நிற்கும். தலைகீழ்ப் பாய்ச்சல் என்றால் இரண்டும் உள்ளே. தான் ஓடாமலே மீன் எச்சரிக்கிறது என்பது இத்தரப்பின் வலுவான வாதம். தன் உயிருக்கான பயம் மட்டும் என்றால் வாலை ஆட்டிவிட்டு அங்கேயே நிற்பானேன்?

எதிர்த்தரப்பு இதை வேறு விதமாகப் படிக்கிறது. ஓடத் தயாராகும் மீன் எதுவானாலும் உடலை இறுக்கும், வாலை அசைக்கும். பறக்க நினைக்கும் காகம் சற்றே குனிவதுபோன்றது அது. அந்தத் தயாரிப்பு அசைவைத் தொட்டு உணரக் கற்ற இறால் பிழைத்தது. மீன் எதையும் கொடுக்கவில்லை, இறால் எடுத்துக்கொண்டது. அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் கானர் 1986 முதல் வளர்த்த சிந்தனை இதற்கு அடித்தளம் தந்தது. ஒருவர் தம் நலனுக்காகச் செய்வதன் உபவிளைவே மற்றவருக்கு உதவியாகிவிடலாம். அதற்குக் கைம்மாறு, நம்பிக்கை என்ற கணக்குகளே தேவையில்லை என்பது அவர் வாதம். அதற்கு முன் ராபர்ட் டிரைவர்ஸ் 1971இல் முன்வைத்த கைம்மாறு உதவிக் கோட்பாடு, பிற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்னும் துப்புரவு மீன்களை எடுத்துக்காட்டாக வைத்து இதற்கு நேர்மாறான பாதையைக் காட்டியிருந்தது. துப்புரவு மீன் ஏமாற்றலாம், வாடிக்கையாளர் தண்டிக்கலாம். உறவு அந்த இழுபறியில் நிற்கிறது.

உளுவைக்கும் இறாலுக்கும் டிரைவர்ஸின் சட்டை அவ்வளவு சரியாகப் பொருந்தவில்லை. காரணம் வளையிலேயே இருக்கிறது. மணலில் தோண்டிய வளை நாள்தோறும் சரியும், வாயில் இடம்மாறும். இறால் வேலையை நிறுத்தினால் சில நாட்களில் வீடே இராது. எச்சரிக்காமல் விட்டு இறாலை வேட்டைக்குக் கொடுத்த உளுவை தன் கூரையைத் தானே இழக்கிறது. தண்டிக்க யாரும் வேண்டாம், மணலே தண்டித்துவிடும். அப்படியென்றால் ஏமாற்று ஏன் இல்லை என்ற கேள்வி பாதி கரைந்துவிடுகிறது. மீதிப் பாதி இன்னும் நிற்கிறது. ஆபத்து சிறியதாக, தொலைவில் இருக்கும்போது எச்சரிப்பதால் மீனுக்குச் செலவு உண்டா, அதன் இரைநேரம் குறைகிறதா என்பதை அளந்தால்தான் கொடையா உபவிளைவா என்று பிரித்துச் சொல்லலாம். இக்கட்டுரையின் பார்வையில் வாலசைவு உபவிளைவாகத் தொடங்கிச் சைகையாகக் கூர்மை பெற்றிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த மாற்றம் எந்த அளவு நடந்தது என்பது இனத்துக்கு இனம் வேறுபடக்கூடும்.

குருட்டு இறால் என்ற நம்பிக்கை

இறால் ஏறக்குறையக் குருடு, ஆகையால்தான் மீனைச் சார்ந்திருக்கிறது என்ற கூற்று எங்கும் பரவியிருக்கிறது. சொடுக்கு இறால்களின் கண்கள் ஓட்டின் முன்விளிம்பாலான ஒரு மூடிக்குள் இருப்பதே இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. மூடியிருக்கும் கண்ணுக்கு என்ன தெரியும் என்பது இயல்பான எண்ணம்.

சமீப ஆண்டுகளின் ஆய்வுகள் இந்த எண்ணத்தை அசைத்திருக்கின்றன. இதைப் புரிந்துகொள்ள அந்த இறாலின் சொடுக்கைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அதன் ஒரு கொடுக்கு மற்றதைவிடப் பருத்தது. அது மூடும் வேகத்தில் நீர் பீய்ச்சியடித்து ஒரு குமிழி உண்டாகும். குமிழி உடையும்போதுதான் சத்தம் பிறக்கிறது என்று வெர்ஸ்லூயிஸ், லோசே குழுவினர் 2000இல் காட்டினர். அடுத்த ஆண்டே அந்தக் குமிழி உடையும்போது நுண்ணிய ஒளியும் தெறிக்கிறது என்று கண்டார்கள். இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளின் ஒலிக்கருவிகளைக் குழப்பிய கடலடிப் பொரிச்சத்தம் இவற்றுடையது. குமிழி உடையும்போது எழும் அதிர்ச்சி அலை பக்கத்தில் இருக்கும் இறாலின் மூளையையே தாக்கக்கூடியது. கிங்ஸ்டன் குழுவினர் 2022இல், கண்ணை மூடிய அந்த ஓடு தலைக்கவசம்போல் அதிர்ச்சியைத் தணிக்கிறது என்று சோதனையில் காட்டினார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு அதே ஆய்வாளர்கள், ஆல்ஃபியஸ் ஹெட்டரோகீலிஸ் இனத்தின் கண் நொடிக்கு 160 முறை மினுங்கும் ஒளியைக்கூடத் தனித்தனியாகப் பிரித்தறிகிறது என்றும் அறிவித்திருந்தார்கள். நீர்வாழ் உயிர்களில் இது மிக வேகமான கண்.

ஆனால் இங்கே அவசரப்படக் கூடாது. ஹெட்டரோகீலிஸ் உளுவையோடு வாழும் இனம் அல்ல. வளைக்குள்ளேயே பெரும்பொழுதைக் கழிக்கும் இனங்களின் கண் வேறாக இருக்கலாம். வேகமான கண்ணும் கூர்மையான கண்ணும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே குருடு என்ற பழைய கூற்றைக் கைவிடலாம். கண் நன்றாகத் தெரியும் என்ற புதிய கூற்றை அதன் இடத்தில் வைக்க இன்னும் சான்று போதாது. வாயைத் தரையோடு வைத்து மணல் தள்ளிக்கொண்டிருக்கும் உயிருக்கு, எவ்வளவு நல்ல கண் இருந்தாலும், மேலே பார்க்க இன்னொருவர் இருப்பது உதவிதான்.

வீட்டுக்கு வாடகை என்ன?

பழைய விடையில் கணக்கு எளிது: இருப்பிடம் ஒரு பக்கம், எச்சரிக்கை மறுபக்கம். இதைச் சோதிக்க நேரான வழி ஒரு பங்காளியை நீக்கிப் பார்ப்பது. உளுவை இல்லாத இறால் வெளியே வருவதைக் குறைத்துக்கொள்கிறது. வளையில்லாத உளுவை திறந்த மணலில் எளிதில் இரையாகிறது. பசிபிக்கின் மூரேயா தீவில் தாம்சன் 2004இல் வெளியிட்ட ஆய்வு, உளுவைகள் எங்கே எத்தனை இருக்கும் என்பதை இறாலின் இருப்பும் வாழிடத்தின் தன்மையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்றது. இறால் மட்டும் போதாது என்ற அந்தச் சிறு திருத்தம் முக்கியமானது.

உணவு பற்றிய பேச்சு இந்தக் கணக்கைக் குழப்பியது, வளமாக்கவும் செய்தது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடற்புல் படுகைகளில் வாழும் சில சொடுக்கு இறால்கள் புல்லிலைகளை வெட்டி வளைக்குள் இழுத்துச் செல்கின்றன. இந்தோனேசியாவின் தெற்கு சுலவேசியில் இதை ஸ்டாப்பலும் எர்ஃப்டமெயரும் 2000இல் விவரித்தனர். பிலிப்பைன்ஸில் பாலோமர் குழுவினர் ஆல்ஃபியஸ் மாசெல்லாரியஸ் என்ற இறாலின் உணவுப் பழக்கத்தை 2004இல் எழுதினர். இலையை வெட்டப் போவதற்கு இறால் வெளியே வர வேண்டும். வெளியே வர மீன் வேண்டும். இங்கே எச்சரிக்கையின் மதிப்பு உயிர் காப்பதோடு நிற்காமல், எத்தனை வாய் உணவு கிடைக்கும் என்பதாகவும் மாறுகிறது.

ஜப்பானின் கோடா குழுவினர் 2017இல் வெளியிட்ட முடிவு இன்னும் எதிர்பாராதது. உளுவை வளைக்குள் இடும் எச்சமே இறாலுக்கு இன்றியமையாத உணவு என்றார்கள். நீரில் மிதந்து வருவதையும் மணலில் இருப்பதையும் வெளியே தின்று, உள்ளே வந்து கழிக்கும் மீன், இறாலின் சமையலறைக்கு நாள்தோறும் சரக்கு இறக்குகிறது. இது பரவலாக உண்மையானால் காவல்காரன் என்ற சொல்லைத் திருத்த வேண்டும். உளுவை உணவு கொண்டுவரும் குடித்தனக்காரனும் ஆகிறது. இறால் வாலசைவை நம்புவது ஏன் என்ற கேள்விக்கு முன்னால், இறால் தன் வீட்டில் மீனை விடுவதே ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது.

இந்த விளக்கத்தின் பலவீனம் அதன் குறுகிய பரப்புதான். நூற்றுக்கு மேற்பட்ட உளுவை இனங்களும் இருபதுக்கு மேற்பட்ட இறால் இனங்களும் பங்குகொள்ளும் உறவை ஓர் இணையை வைத்து முடிவுகட்ட முடியாது. கடற்புல் அடர்ந்த இடத்தில் எச்சத்தின் மதிப்பு குறைவாகவும், வெறும் பவள மணலில் கூடுதலாகவும் இருக்கலாம். இப்படி இடத்தையொட்டி வாடகை மாறுகிறதா என்பதே இப்போது கேட்கத்தக்க கேள்வி. அதற்கு ஒரே முறையை ஒன்றுக்கு மேற்பட்ட கரைகளில் செய்து பார்க்க வேண்டும்.

வளைக்குள் நடப்பது நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. கார்ப்லஸ் குழுவினர் செங்கடல் வளைகளின் வடிவத்தை 1974இல் வெளியிட்டனர். யானகிசாவா ஜப்பானில் ஆம்ப்ளியெலியோட்ரிஸ் ஜபோனிகா என்ற உளுவையின் இணைசேரும் முறையை 1982இல் எழுதினார். முட்டை இடுவதும் ஆண் மீன் அதைக் காப்பதும் இறால் கட்டிய அறைக்குள்தான். ஆக அந்த வளை ஒரு மறைவிடம் மட்டுமல்ல. உளுவைக் குஞ்சுகளின் பிரசவ அறையும் அதுவே. வாடகைக் கணக்கில் இந்த வரவு அடிக்கடி விட்டுப்போகிறது.

யாரோடு யார்

எய்லாத் ஆய்வுகளிலிருந்து கார்ப்லஸ் குழுவினர் 1981இல் வெளியிட்ட இரு கட்டுரைகள் கூட்டாளித் தேர்வைப் பற்றியவை. ஒரே கடற்கரையில் பல உளுவை இனங்களும் பல இறால் இனங்களும் இருந்தும் இணைகள் தற்செயலாக அமைவதில்லை என்று அவை காட்டின. சில உளுவைகள் ஓர் இறாலோடு மட்டும் சேர்கின்றன. சில பலவற்றோடு சேர்கின்றன. மீன் இறாலைக் கண்ணால் தேடுகிறது, இறால் மீனை நீரில் கரைந்த வாசனையால் அறிகிறது என்பது அக்குழுவின் சோதனைகளிலிருந்து வந்த விளக்கம். ஆனால் இருவரும் ஒரே ஆழத்தையும் ஒரே பருமனுள்ள மணலையும் விரும்பினாலே இணை அமைந்துவிடக்கூடும். தேர்வையும் தற்செயலான அண்டைவாழ்வையும் பிரித்துப் பார்ப்பது கடினம்.

அட்லாண்டிக் பெருங்கடல் இந்த இடத்தில் ஒரு புதிரை வைக்கிறது. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் நூற்றுக்கணக்கில் பெருகிய உறவு, அங்கே ஆல்ஃபியஸ் ஃபுளோரிடானஸ் இறாலைச் சுற்றி ஒருசில இனங்களோடு நிற்கிறது. நெஸ் லாங்கஸ் என்ற ஒரே உளுவை மட்டும் அங்கே இறாலை முற்றிலும் சார்ந்தது; மற்ற சில, தேவைப்படும்போது மட்டும் வளையைப் பயன்படுத்துகின்றன. கார்ப்லஸ் 1992இல் இந்த வேறுபாட்டை வகைப்படுத்தினார். லையன்ஸ் 2013இல் முழுச்சார்பும் அரைச்சார்பும் தரும் ஆதாயங்களை ஒப்பிட்டார். உறவு பிறக்கும் தொடக்கநிலை இன்றும் அட்லாண்டிக்கில் காணக்கிடைக்கிறது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. கவர்ச்சியான எண்ணம்தான், ஆயினும் அரைச்சார்பு முழுச்சார்புக்குச் செல்லும் பாதையில் ஒரு படி என்று கொள்ளத் தேவையில்லை. அதுவே நிலையான வாழ்முறையாகவும் இருக்கலாம்.

மரபணு ஆய்வு ஒன்றை ஓரளவு தெளிவாக்கியது. தாக்கர், தாம்சன், ரோஜே ஆகியோர் 2011இல் இந்திய-பசிபிக் உளுவைகளின் வம்சாவளியை வரைந்தபோது, இறாலோடு வாழும் பழக்கம் அவற்றுள் ஒருமுறைக்கு மேல், தனித்தனிக் கிளைகளில் தோன்றியிருப்பதாகக் கண்டார்கள். தொலைவில் உள்ள நெஸ் லாங்கஸையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். ஒரே வாழ்முறை பல தடவை தனித்தனியே பிறக்கிறது என்றால் அதற்கான தூண்டுதல் வலுவாக இருக்க வேண்டும். ஒளிய இடமில்லாத மணல்வெளியில் சிறு மீனாக இருப்பது அப்படியொரு தூண்டுதல். அதேசமயம் தனித்தனியே பிறந்த உறவுகள் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. செங்கடல் விடையையும் கரீபிய விடையையும் ஒன்றோடொன்று மோதவிட்டுக் கொண்டிருந்த விவாதங்களில் பாதி, இரு வேறு கதைகளை ஒரே கதை என்று எண்ணியதால் வந்தவையாகத் தோன்றுகிறது.

மன்னார் வளைகுடாவின் மணல்

மேலே சொல்லப்பட்ட கள ஆய்வுகள் செங்கடலிலும் ஜப்பானிலும் ஹவாயிலும் சேஷல்ஸிலும் மூரேயாவிலும் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் அட்லாண்டிக்கிலும் நடந்தவை. மன்னார் வளைகுடா அந்த வரிசையில் இல்லை. இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறையும் கடற்புல்லும் மணலும் அடுத்தடுத்துக் கிடக்கும் கடல் அது. உணவுக் கணக்கு இடத்தையொட்டி மாறுகிறதா என்று பார்க்க இதைவிட ஏற்ற களம் அமைவது அரிது. வடக்கே பாக் விரிகுடாவில் கடற்புல் வெளிகளைக் காக்கத் தமிழ்நாடு அரசு 2022இல் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுக் காப்பகத்தை அறிவித்திருக்கிறது. 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் மண்டபத்தில் இருக்கிறது. பவளப்பாறைகள் பற்றிய கருத்தரங்கு 1969இலேயே அங்கே நடந்தது.

மன்னார் வளைகுடா 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும் 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் பவளம் வெட்டியெடுக்கப்பட்டதில் தீவுகள் கரைந்தன. அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு நீருக்குள் போயின. கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. 2016இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறின. கவனம் முழுவதும் பவளத்தின் மேல் விழுந்தது, அது நியாயமே. ஆனால் பவளத்துக்குப் பக்கத்தில் வெறுமையாகத் தெரியும் மணலும் குடியிருப்புதான். அடிமடி வலை இழுத்துப் போகும் தரையில் நாள்தோறும் பழுதுபார்க்க வேண்டிய வளை நிலைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பவளம் உயிரோடு இருந்து மணல் மட்டும் குலைந்தால், எந்தப் பட்டியலிலும் அந்த இழப்பு தெரியாது.

இங்கே சத்துவாச்சாரிப் பக்கத்துக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. மீளாத கேடு நேரும் ஆபத்து இருக்கும்போது, அறிவியல் முழு உறுதி தரவில்லை என்பதைத் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் காரணமாக்கக் கூடாது என்பது அதன் சாரம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஊர்களின் துன்பத்திலிருந்து பிறந்த அந்த விதி, மன்னார் வளைகுடாவின் மணலுக்கும் பொருந்தும்.

இன்றைய நிலையில் சொல்லக்கூடியவை இவை. இருவருக்கும் ஆதாயம் உண்டு என்பதில் ஐயம் குறைவு. இறால் குருடு என்பதற்கு ஆதாரம் போதவில்லை. வாலசைவு மீனுக்கு உபரிச் செலவு வைக்கிறதா என்பதும், எச்ச உணவு எத்தனை இணைகளுக்குப் பொருந்தும் என்பதும், இணைகள் தேர்வால் அமைகின்றனவா மணலால் அமைகின்றனவா என்பதும் திறந்தே இருக்கின்றன.

இவற்றுள் முதல் கேள்விக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. நீருக்குள் எழுதும் பலகையும் கடிகாரமும் பொறுமையும் போதும். மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் பவளத்தைக் கண்காணிக்க ஆண்டுதோறும் நீரில் இறங்கும் ஆய்வாளர்கள், பவளத்தை எண்ணி முடித்தபின் பக்கத்து மணலில் அரை மணிநேரம் கூடுதலாகக் கிடந்து, எத்தனை வளை, எந்த உளுவை, எந்த இறால், எச்சரிப்பதில் மீனுக்கு எவ்வளவு இரைநேரம் போகிறது என்று குறித்துவர வேண்டும்.